மூலம்தான் என்று மூடி வைக்காதீர்கள்!



சில வாரங்களுக்கு முன் இதே பகுதியில் ஒரு சகோதரி தன் அம்மாவைப் பற்றி எழுதியிருந்தார். அம்மாவுக்குப் பெருங்குடலில் கட்டி. வயிற்றைக் கிழிக்காமல் ட்யூப் விட்டே எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆனால், "ட்யூப் விட்டா குடல்ல ஓட்டை விழுந்துடுமாம்..." என்று யாரோ பயமுறுத்த, அம்மாவைத் திரும்ப வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டாராம். இப்போது நாட்டு மருந்து கொடுத்து வருகிறாராம். 'நான் செய்தது சரிதானே?' என்று கேட்டிருந்தார்.

அதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதே பயம், அதே பேச்சு, அதே முடிவு. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடக்க இருந்தது. நான் பத்தாவது வரை படித்த சாதாரணக் குடும்பப் பெண். டாக்டருக்குப் படித்தவள் இல்லை. ஆனாலும் பட்டுத் தெரிந்துகொண்டதை நாலு பேருக்குச் சொல்லாமல் இருப்பது பாவம் என்று தோன்றியது.

என் மாமியாருக்கு 63 வயது. தினமும் விடியற்காலை நாலரை மணிக்கே எழுந்து, தன் புடவை, உள்பாவாடை எல்லாவற்றையும் தானே துவைத்துக் காயப்போட்டுவிடுவார். "எதுக்கு அத்தை இந்தக் குளிர்ல? மிஷின்ல போட்டுடறேனே" என்றால், "எனக்குக் கையி காலு விழுந்தா போச்சு? என் துணிய நானே பாத்துக்கறேன்" என்பார். இந்த வயதிலும் என்னை வேலை வாங்காத மாமியார் என்று தெருவெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. துணியில் பட்டிருந்த ரத்தக் கறை என் கண்ணில் படக் கூடாது என்றுதான் அவர் இருட்டிலேயே துவைத்திருக்கிறார்! ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒன்றரை வருஷம் எனக்கு இது தெரியவில்லை.

ஒரு நாள் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். ரத்தம் சோதித்ததில் ஹீமோகுளோபின் 7.2 என்று வந்தது. பெண்களுக்கு 12க்கு மேல் இருக்க வேண்டுமாம். ரத்தசோகைதானே, பேரீச்சம்பழமும் முருங்கைக்கீரையும் டானிக்கும் கொடுத்தால் சரியாகிவிடும் என்று நாங்கள் நினைத்தோம். அங்கிருந்த லேடி டாக்டர் விடவில்லை. "மாதவிலக்கு நின்னு பத்து வருஷம் ஆனவங்களுக்கு ரத்தம் எப்படிக் குறையும்? எங்கயோ ஒழுகுதுன்னு அர்த்தம். மலத்துல ரத்தம் போகுதாம்மா?" என்று கேட்டார்.

அத்தை பக்கத்தில் நின்ற என் கணவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இல்லீங்க" என்றார். டாக்டர் புரிந்துகொண்டு, என் கணவரை ஏதோ மருந்து வாங்கி வரச் சொல்லி வெளியே அனுப்பினார். கதவு சாத்திய பிறகுதான், "ஒன்றரை வருஷமா போவுது. இவனைப் பெத்தப்போ வந்த மூலம்தானேன்னு இருந்துட்டேன்" என்று அழுதுகொண்டே சொன்னார்.

நடுவில் ஒரு டாக்டரிடமும் தனியாகப் போய்க் காட்டியிருக்கிறார். அவர் தொட்டும் பார்க்காமல் மூலம் என்று களிம்பு எழுதிக் கொடுத்திருக்கிறார். அவரை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்? 'பரிசோதிக்க வேண்டும்' என்று அவர் சொல்லியிருந்தாலும் அத்தை சம்மதித்திருக்க மாட்டார். துத்தி இலையும் கருணைக்கிழங்கு லேகியமும் வீட்டிலேயே ஓடிக்கொண்டிருந்திருக்கின்றன.

சகோதரிகளே! நம் பெண்களுக்கு இந்த 'மூலம்' என்ற வார்த்தை ஒரு திரைச்சீலை மாதிரி. அதைப் போட்டு மூடிவிட்டால் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. பிரசவம் பார்த்த உடம்பில் மூலம் வருவது சகஜம்தான். ஆனால் மூலமா, வேறு ஏதாவதா என்பதை வெறும் ரத்தத்தை வைத்து நாமே முடிவு செய்ய முடியாது. டாக்டரே உள்ளே பார்த்தால்தான் தெரியும்.

உள்ளே பார்ப்பதற்குப் பெயர் கொலனோஸ்கோப்பி. விரல் தடிமனில் நீளமான, வளைந்து கொடுக்கிற ட்யூப். அதன் நுனியில் விளக்கும் கேமராவும் இருக்கும். ஆசனவாய் வழியாக விட்டு, ஏறக்குறைய ஐந்தடி நீளமுள்ள பெருங்குடல் முழுவதையும் டி.வி.யில் பார்க்கிறார்கள். கேட்டதும் அத்தை, "அதுக்கு நான் செத்தே போறேன்" என்றார். கடைசியில் அவரைச் சம்மதிக்க வைத்தது ஒரு சின்ன விஷயம்தான். பின்பக்கம் திறப்பு வைத்த கவுன் கொடுத்து, மேலே துணி போர்த்தி, மயக்க ஊசி போட்டுத்தான் செய்வார்கள், பக்கத்தில் நர்ஸ் அம்மா இருப்பார் என்று லேடி டாக்டரே கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

உண்மையைச் சொன்னால், ட்யூப் விட்டது அத்தைக்கு ஞாபகமே இல்லை. முந்தின நாள் வயிற்றைச் சுத்தம் பண்ணியதுதான் கஷ்டம். இரண்டு நாள் கீரை, கொய்யா, தக்காளி போன்ற நார், விதை உள்ளவை கிடையாது. வெறும் சாதமும் மோரும் இட்லியும்தான். இரும்புச்சத்து மாத்திரையைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொன்னார்கள். பிறகு மருந்துப் பொடியை இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்து, பாதியை இரவிலும் பாதியை விடியற்காலையிலும் குடிக்க வேண்டும். உப்புக் கரித்துக்கொண்டு எலுமிச்சை வாசனையோடு இருக்கும் அதை அத்தை திட்டிக்கொண்டே குடித்தார். ஆனால் இதில் ஏமாற்றக் கூடாது. குடல் சுத்தமாக இல்லாவிட்டால் சின்னக் கட்டி கண்ணுக்குத் தப்பிவிடும், மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும்.

குடலின் கீழ்ப்பகுதியில் 3 சென்டிமீட்டர் அகலத்தில் தட்டையாக ஒரு கட்டி இருந்தது. துளி சதை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பினார்கள். 'இன்னும் கேன்சர் ஆகவில்லை. ஆனால் ஆகிற வழியில் இருக்கிறது' என்பதுதான் அந்த ரிப்போர்ட்டின் சாரம். பெருங்குடல் கேன்சரில் பெரும்பாலானவை இப்படி, பாலிப் என்கிற சதை வளர்ச்சியாகத்தான் ஆரம்பிக்கிறதாம். அது கேன்சராக மாறப் பெரும்பாலும் பத்து வருஷம்போல ஆகுமாம். அந்தப் பத்து வருஷத்துக்குள் கண்டுபிடித்து எடுத்துவிட்டால் கேன்சர் வருவதற்கு முன்பே தடுத்துவிடலாம்.

முதலில் பார்த்த மருத்துவமனையில், வயிற்றைத் திறந்து அந்தப் பகுதிக் குடலையே வெட்டி எடுத்துவிடலாம், கொஞ்ச நாள் வயிற்றில் பை வைக்க வேண்டி வந்தாலும் வரலாம் என்றார்கள். அத்தைக்கு மூன்று வருஷத்துக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. சர்க்கரையும் உண்டு. அதனால் தஞ்சாவூரில் இன்னொரு டாக்டரிடம் போனோம். அவர் படங்களை எல்லாம் பார்த்துவிட்டு, "கட்டி ஆழமா இறங்கின மாதிரி தெரியலை. ட்யூப் வழியாவே எடுத்துடலாம்" என்றார்.

அவ்வளவுதான். வீட்டில் பஞ்சாயத்து கூடிவிட்டது. நாத்தனார் சென்னையிலிருந்து போனில் அழுதார். "ஓட்டை விழுந்தா அம்மா போயிடுவாங்க" என்றார் ஒருவர். "கட்டியை நோண்டினா பரவிடும்" என்றார் இன்னொருவர். என் கணவர் இரண்டு பக்கமும் தலையாட்டினார். நான் மட்டும், கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போகலாம் என்று பிடிவாதம் பிடித்தேன்.

அந்த டாக்டருக்கு நான் வாழ்நாளெல்லாம் கடன்பட்டிருக்கிறேன். 'ஒன்றும் ஆகாது, பயப்படாதீங்க' என்று சொல்லி அவர் எங்களை அனுப்பிவிடவில்லை. பேப்பரில் படம் போட்டுக் காட்டினார். குடலின் சுவர் சில மில்லிமீட்டர் தடிமன்தான். அதனால் கட்டிக்கு அடியில் ஊசியால் மருந்துத் தண்ணீரைச் செலுத்தி, கட்டியை மேலே எழுப்பிக்கொண்டு, சுருக்குக் கம்பியால் அறுத்து எடுப்பார்களாம். எனக்கு உடனே வடாம் ஞாபகம் வந்தது. காய்ந்த வடாத்தை வெறுமனே பிய்த்தால் துணி கிழியும். துணிக்குப் பின்பக்கம் தண்ணீர் தெளித்தால் வடாம் தானாக விட்டுக்கொடுத்து வரும் அல்லவா? அதே மாதிரிதான்.

பிறகு ஆபத்துகளைச் சொன்னார். "ட்யூப் விட்டுச் சும்மா பாக்கறதுல ஓட்டை விழறது ஆயிரத்துல ஒருத்தருக்கும் குறைவு. இவ்வளவு பெரிய கட்டிய எடுக்கறப்போ நூத்துல ஒண்ணு ரெண்டு பேருக்கு ஆகலாம். அப்பவே கண்டுபிடிச்சா பெரும்பாலும் கிளிப் போட்டு உள்ளேயே மூடிடலாம். சில பேருக்கு ஆபரேஷன் தேவைப்படும். ரத்தக் கசிவு நூத்துல அஞ்சாறு பேருக்கு வரும். அது ரெண்டு வாரம் கழிச்சுகூட வரலாம்" என்றார். எடுத்த கட்டியில் கேன்சர் ஆழமாக இறங்கியிருப்பதாகத் தெரிந்தால் அப்போது ஆபரேஷன் செய்துதான் ஆக வேண்டும் என்றும் சொன்னார். பயாப்ஸியாலோ ட்யூப் வழியாகக் கட்டியை எடுப்பதாலோ கேன்சர் பரவிவிடும் என்ற பயம் வேண்டாம் என்றும் விளக்கினார்.

ஸ்டென்ட் வைத்ததால் ரத்தம் உறையாமல் இருக்க அத்தை இரண்டு மாத்திரை சாப்பிடுகிறார். இதய டாக்டரும் இவரும் போனில் பேசி, ஒன்றைச் சில நாள் முன்பு நிறுத்தவும் மற்றொன்றை நிறுத்தாமல் தொடரவும் முடிவு செய்தார்கள். இதில் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொன்னதைக் கேட்டு நாமாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் அது இன்னும் பெரிய ஆபத்து.

கட்டி எடுக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பெரிதாக இருந்ததால் நாலைந்து துண்டாக எடுத்தார்கள். வலி இல்லை. குடலின் உள்தோலுக்கு அறுக்கிற வலி தெரியாதாம். இரண்டாம் நாள் கஞ்சி குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். நான் வெற்றி பெற்றவள் போல நடந்துகொண்டேன்.

ஆறாம் நாள் இரவு ஒன்பது மணிக்கு அத்தை பாத்ரூமிலிருந்து என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் ஒரே ரத்தம், கட்டி கட்டியாக. காரில் போகும் ஒரு மணி நேரமும் அத்தையின் தலை என் மடியில். என் பிடிவாதத்தால் இவரைக் கொன்றுவிட்டேனோ என்றுதான் என் மனசு அடித்துக்கொண்டது. போனில் ஒருவர், "நாங்கதான் அப்பவே சொன்னோமே!" என்றார். அந்த வார்த்தையை நான் இன்னும் மறக்கவில்லை.

ஆனால் பாருங்கள், டிஸ்சார்ஜ் சீட்டிலேயே டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். ரத்தம் நிறையப் போனால், வயிறு கல் மாதிரி ஆகி வலித்தால், காய்ச்சல் வந்தால் எந்நேரமானாலும் வர வேண்டும் என்று சிவப்பு மையில் கோடு போட்டு, போன் நம்பரும் எழுதியிருந்தார். இரண்டு வாரம் வெளியூர்ப் பயணம் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்றும் இருந்தது. எட்டாம் நாள் சொந்த ஊரில் கும்பாபிஷேகம். போக வேண்டும் என்று அடம் பிடித்தவரை நான்தான் நிறுத்தி வைத்திருந்தேன். அங்கே போயிருந்து இப்படி ஆகியிருந்தால்? மறுபடி ட்யூப் விட்டு, ரத்தம் வந்த இடத்தில் இரண்டு சின்னக் கிளிப் போட்டார்கள். ஒரு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் வீடு திரும்பினோம். அந்தக் கிளிப்பும் சில வாரத்தில் தானே உதிர்ந்து போய்விடுமாம்.

எடுத்த கட்டியின் முழு ரிப்போர்ட் பத்து நாளில் வந்தது. கேன்சர் இல்லை. துண்டு துண்டாக எடுத்தால் சிலருக்கு அதே இடத்தில் மறுபடி முளைக்கலாம் என்பதால் ஆறாம் மாதம் மீண்டும் பார்த்தார்கள். சுத்தமாக இருந்தது. இப்போது அத்தையின் ஹீமோகுளோபின் 12. துணியை மிஷினில் போடுகிறார்!

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். இந்தச் சிகிச்சை ஆபத்தே இல்லாதது என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டிலேயே ரத்தம் போயிற்று. ஆனால் ஆபத்தை இன்னொரு ஆபத்தோடு வைத்து எடை போட வேண்டாமா? தராசின் ஒரு தட்டை மட்டும் பார்த்து விலை சொன்னால் கறிகாய்க்காரரிடம்கூட நாம் சண்டை போடுவோம். ஒரு தட்டில், நூறில் ஐந்தாறு பேருக்கு வரக்கூடிய, வந்தாலும் பெரும்பாலும் சமாளிக்கக்கூடிய ரத்தக் கசிவு. இன்னொரு தட்டில், விட்டு வைத்தால் கேன்சராகும் கட்டி. ஓட்டை விழுந்த கதையை ஊர் முழுவதும் சொல்வார்கள். கட்டியை விட்டு வைத்துச் செத்தவர்களை, 'பாவம், அவங்க விதி' என்று சொல்லி முடித்துவிடுவார்கள்.

பிளஸ் டூ படிக்கும் என் மகள் இதைப் பற்றித் தேடிப் படித்துச் சொன்னாள். ட்யூப் வழியாகப் பாலிப்பை எடுப்பது 1969-ல் நியூயார்க்கில் தொடங்கியது. ஹிரோமி ஷின்யா, வில்லியம் வுல்ஃப் என்ற இரண்டு டாக்டர்கள் செய்தார்கள். அதற்கு முன்பெல்லாம் ஒரு சின்னப் பாலிப்புக்கும் வயிற்றைக் கிழிக்க வேண்டியிருந்ததாம். 1993-ல் அமெரிக்காவில், பாலிப் எடுத்துக்கொண்ட 1,418 பேரைக் கவனித்து வந்த ஆராய்ச்சி முடிவு வெளியானது. எதிர்பார்த்ததைவிட நூற்றுக்கு 76 முதல் 90 சதவீதம் வரை கேன்சர் குறைந்திருந்தது. 2012-ல் வந்த தொடர் ஆராய்ச்சியில், சாவும் பாதிக்கு மேல் குறைந்தது தெரிந்தது. பெரிய கட்டியையும் ஒரே துண்டாக உரித்தெடுக்கும் முறையை ஜப்பான் டாக்டர்கள் வளர்த்தார்கள். அது நுணுக்கமான வேலை, பழகிய கைதான் செய்ய வேண்டும்.

எங்கள் மன்னார்குடிப் பக்கம்தான் துளசேந்திரபுரம். கமலா ஹாரிஸின் தாத்தா ஊர். அவர் துணை அதிபர் ஆனபோது அங்கே கோலம் போட்டு வெடி வெடித்தது எல்லாருக்கும் தெரியும். அவருடைய அம்மா சியாமளா கோபாலன் மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சி செய்த விஞ்ஞானி. அப்பேர்ப்பட்டவர் 2009-ல் பெருங்குடல் கேன்சரில்தான் காலமானார். படித்தவர், படிக்காதவர் என்று இந்த நோய் பார்ப்பதில்லை. 2021 நவம்பர் 19-ம் தேதி அதிபர் பைடன் மயக்க மருந்து வாங்கிக்கொண்டபோது, அதிபரின் அதிகாரம் 85 நிமிடம் கமலா ஹாரிஸ் கையில் இருந்தது. ஒரு பெண்ணுக்கு அந்த அதிகாரம் வந்தது அதுவே முதல் முறை. பைடனுக்கு எதற்காக மயக்க மருந்து தெரியுமா? இதே கொலனோஸ்கோப்பிதான்! 3 மில்லிமீட்டரில் ஒரு பாலிப் இருந்தது, எடுத்துவிட்டார்கள். அதையும் உலகத்துக்கு வெளிப்படையாகச் சொன்னார்கள். ஒரு நாட்டின் தலைவருக்கே இதில் வெட்கம் இல்லை. நமக்கு என்ன வெட்கம்?

அந்தச் சகோதரிக்கு என் பதில் இதுதான். நீங்கள் பயந்தது தப்பில்லை. ஆனால் அக்கம்பக்கத்துப் பேச்சைக் கேட்டுத் திரும்பி வந்தது சரியில்லை. தயவுசெய்து அம்மாவை மறுபடி அழைத்துப் போங்கள். போகும்போது கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். கட்டி எவ்வளவு பெரியது, ஆழமாக இறங்கியிருக்கிறதா? இந்த மாதிரிக் கட்டிகளை அந்த டாக்டர் அடிக்கடி எடுக்கிறாரா? ஓட்டை விழுந்தால் உடனே பார்க்க அங்கேயே சர்ஜன் இருக்கிறாரா? ரத்த மாத்திரை, சர்க்கரை மாத்திரையை என்ன செய்ய வேண்டும்? வீட்டுக்கு வந்த பிறகு எது நடந்தால் ஓடி வர வேண்டும்? முழு ரிப்போர்ட் எப்போது வரும், மறுபடி எப்போது பார்க்க வேண்டும்? கேட்டால் கோபப்படுகிற டாக்டராக இருந்தால் இன்னொருவரிடம் போங்கள். இத்தனைக்கும் பொறுமையாகப் பதில் சொல்கிறவரிடம் நம்பிக் கொடுக்கலாம்.

மற்ற சகோதரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். மலத்தில் ரத்தம், காரணம் தெரியாத ரத்தசோகை, திடீரென்று மாறிப்போன மலப்பழக்கம், காரணமில்லாத எடைக்குறைவு இவற்றில் எது இருந்தாலும் ஒளிக்காமல் சொல்லுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் நீங்களே தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள். பையன் எதிரில் கேட்காதீர்கள். பெற்றவருக்கு இப்படிக் கட்டி இருந்தால் பிள்ளைகளும் 40 வயதில் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார் டாக்டர். 43 வயதான என் கணவர் பார்த்துக்கொண்டார். அவருக்கும் சின்னதாக ஒரு பாலிப் இருந்தது, அப்போதே எடுத்துவிட்டார்கள். நாத்தனாருக்கு 41. "வேற வேலை இல்லையா அண்ணி?" என்று இன்னும் தட்டிக்கழித்துக்கொண்டே இருக்கிறார். அவர் இந்தப் பகுதியை வாரா வாரம் படிப்பவர். அவருக்காகவும்தான் இதை எழுதினேன்.

எழுதியதை அத்தையிடம் முழுவதும் படித்துக் காட்டினேன். புடவை துவைத்த விஷயம் வந்ததும் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, "எழுது கண்ணு. நாலு பேருக்கு உதவட்டும். ஆனா என் பேரைப் போட்டுடாதே. ஊரைப் போட்டுக்கோ" என்றார்.

அதனால்,
ஒரு மருமகள்,
மன்னார்குடி.